இவ்வினா எழவில்லை

கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு மேலே,
ஜெராக்ஸ் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில்
சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்.
அங்கே தட்டச்சு செய்கிறவன் நான்.
மனுக்களைப் பிரிப்பதும்
வருகிறவர்களுக்கு டீ வைப்பதும்கூட.

ஜூனில், மழை சாய்ந்தடித்த ஒரு செவ்வாய்
ஒரு வினா எழுதினோம். ஒரே வினா, ஒரே ஆள்.
செவத்தியான், வயது நாற்பத்தொன்று,
ஆறாம் நம்பர் லயன்.
முதுகில் பதினாறு லிட்டர் டேங்க்,
களைக்கும் சிலந்திக்கும் அடிப்பது மருந்து.
மருந்து என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.
ஆஸ்பத்திரியில் "என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று கேட்க
மரியதங்கம்
முந்தானையில் முடிந்திருந்த டப்பா மூடியை
அவிழ்த்துக் காட்டினாளாம்.

வினா திரும்பி வந்தது.
ஒரு வினா ஓர் அமைச்சருக்கே உரியதாதல் வேண்டும்.
தனிநபர் பெயர் கூடாது.

உறுப்பினர் சிவப்பு மையில் கோடு போட்டார்.
நான் பிரித்தேன்:
நுரையீரல் சுகாதாரத் துறைக்கு,
தராத கையுறை தொழிலாளர் நலத் துறைக்கு,
டேங்க் கழுவிய ஓடை சுற்றுச்சூழல் துறைக்கு.
மூன்று தாளிலும் அவன் 'ஒரு தொழிலாளி'.
ஒரு தாளில் எழுத்துப்பிழை, மறுபடி அடித்தேன்.

அக்டோபரில் விடை.
அலுவலகத்தில் என் போனில் பார்த்தேன்,
சார்ஜ் பதினோரு சதவீதம்.

(அ) அரசின் கவனத்திற்கு வரவில்லை.
(ஆ) மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு, இவ்வினா எழவில்லை.

அடுத்தது கையுறை.
வழங்கப்பட்டதாக நிர்வாகம் தெரிவித்துள்ளது,
பதிவேட்டில் கைரேகை உள்ளது என்றார் அமைச்சர்.
உறுப்பினர் துணைவினாவுக்கு எழுந்தார்.
மூக்குக்கண்ணாடியைத் தேடினார், அது தலைமேல் இருந்தது,
யாரோ சிரித்தார்கள்.
"கைரேகை வைத்த தேதி என்ன?"
கோப்பு புரண்டது. பின்வரிசையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது.
"ஜூலை நான்கு."
"அவர் இறந்தது மே பத்தொன்பது, பேரவைத் தலைவர் அவர்களே."

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.
அச்சான அவைக்குறிப்பில்
ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில்
வழக்கமான இடம்தான் விட்டிருக்கிறது.
"விசாரிக்கப்படும்."
அடுத்த வினா ஒரு மேம்பாலத்தைப் பற்றியது.

விடைகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு லயனுக்குப் போனேன்.
மரியதங்கம் வாசிக்கச் சொன்னாள்.
முதல் தாளை மட்டும் வாசித்திருக்கக் கூடாது.
"எழவில்லை" என்ற இடத்தில்
கூந்தலை அள்ளி முடிந்தபடி சொன்னாள்:
"நெசந்தான். எழுந்திரிக்கவே இல்ல.
பெரட்டுச் சங்கு ரெண்டு தரம் ஊதிருச்சு.
நானும் தட்டித் தட்டிப் பாத்தேன்."

அது வேறு எழவில்லை என்று விளக்க
வாயெடுத்தேன்.
பிறகு டீயைக் குடித்தேன்.

கைரேகைத் தாளை மட்டும் கேட்டு வாங்கினாள்.
தேதி எங்கே என்றாள், காட்டினேன்.
அந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு
ரேஷன் கார்டு உறைக்குள் செருகிக்கொண்டாள்.

ஓடை பற்றிய தாள் குலுக்கலில் விழவில்லை,
என் மேசையில் இருக்கிறது.
திரும்பும் வழியில் பார்த்தேன்,
குழாயில் தண்ணீர் வராத நாள் போல,
அதே ஓடையில் நான்கு குடங்கள்.
அடுத்த கூட்டத்தொடர் ஜனவரியில்.