அடி ஸ்கேல்

செக்கிங் டேபிளில் எனக்கு நல்ல பெயர்.
கழுத்துப் பட்டியில் ஒரு தையல் விட்டிருந்தாலும்
விரல் நேராக அங்கே போய் நிற்கும்.
எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, சாயத்தில் அரை மாத்து வித்தியாசம்,
ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன்.
ஒன்றரை ஷிப்டு முடிந்து
அனுப்பர்பாளையத்துக்கு பஸ் ஏறும்போது
கண்ணை மூடினாலும் பனியனாக ஓடும்.

நிதர்சன் நாலாவது படிக்கிறான்.
வாசிக்கும்போது வலது கண்ணைப் பொத்திக்கொள்வான்.
விளையாட்டு என்று நினைத்தேன்.
ஒரு வரியை இரண்டு முறை வாசிப்பான்,
அடுத்த வரியைத் தாண்டியே போய்விடுவான்.
பத்து நிமிடத்தில் நெற்றி வலி.
"புஸ்தகத்தைத் தொட்டாத்தான் வலிக்குமா உனக்கு?"
பந்து எப்போதும் அவன் கைகளுக்கு நடுவில் புகுந்து
மூக்கில்தான் விழும்.
டம்ளருக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பாலை ஊற்றிய காலையில்
அடி ஸ்கேலை எடுத்தேன்.
பெயர் பொருத்தம்தான்.

பள்ளியில் கண் முகாம் போட்டார்கள்.
ஒரு கண்ணை மறைத்து ஒரு தடவை,
மறு கண்ணை மறைத்து ஒரு தடவை,
கடைசி வரிவரை கடகடவென்று சொன்னான்.
பார்வை சரி என்று சீட்டு.
எட்டு மாதம் அந்தச் சீட்டை
அவனுக்கு எதிராகவே நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, சம்பளக் கவரை எண்ணும்போது கேட்டான்:
"அம்மா, மழைங்கறதுல ரெண்டு ழை வருதல்ல,
நீயெல்லாம் எதைய வாசிப்பே?"

எண்ணிக்கை விட்டுப்போனது.

எல்லோருக்கும் இரண்டாகத்தான் தெரியும்,
நிஜ எழுத்து எதுவென்று
தனக்கு மட்டும் பிடிபடவில்லை என்று
இத்தனை நாளும் இருந்திருக்கிறான்.

காங்கேயம் ரோட்டு டாக்டரம்மா
பேனா முனையை அவன் மூக்கை நோக்கி நகர்த்தினார்.
இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே வந்தன.
பாதி வழியில் வலது கண் மட்டும் கழன்று
காதுப் பக்கம் ஒதுங்கியது.
"தனித்தனியா ரெண்டும் நல்ல கண்ணுங்க.
சேர்ந்து வேலை செய்யத்தான் பழக்கோணும்."

இப்போது ஜன்னல் கம்பியில் கம்பெனி நூல்,
அதில் மூன்று மணி,
மறு நுனி அவன் மூக்கில்.
மணி ஒன்றாகவும் நூல் இரண்டாகவும் தெரிந்தால் சரியாம்.
இரண்டாகத் தெரிவதும் சரி என்று யாரோ சொன்னது
அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

மணி எங்கே இரண்டாகிறது என்று அளக்க வேண்டும்.
வீட்டில் இருப்பது அந்த ஒரே ஸ்கேல்.
போன வாரம் பதினெட்டு, நேற்றுப் பதினாலு.
முகத்தருகே கொண்டுபோனால்
இன்னமும் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்கிறான்,
அதில் மட்டும் இரண்டும் ஒற்றுமை.
"ஒண்ணும் பண்ணமாட்டேன் சாமி" என்கிறேன்.
திறக்கிறவரை
ஸ்கேலை அசைக்காமல் பிடித்திருக்கிறேன்.