ஒரு பாகை

முதல் மாதம் முழுக்க நீள்வட்டம்.
கோப்பையின் வாய் வட்டம்தான்,
ஆனால் குடித்து முடித்து
உள்ளே எட்டிப் பார்ப்பவரைத் தவிர
யாரும் அதை வட்டமாகக் கண்டதில்லை.
நாளுக்கு இருநூறு. கோணினால் கிழித்துவிட்டு மறுபடி.
ஒட்டிலியா தூக்கத்தில்கூடப்
போர்வையில் விரலால் போட்டுக்கொண்டிருந்தாள்.

வூச் என்றால் படகு. எங்கள் ஊர்.
ஆறுகளோ தெருவுக்கு அடியில், குழாய்க்குள்.
பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில் வகுப்பு;
தரையில் எந்திரங்களின் போல்ட் துளைகள்,
பென்சில் தொலைந்தால் முதலில் குனிந்து பார்க்கும் இடம்.

பிறகு நீல நுரை.
ரொட்டி போல வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து,
காபியில் நீலத் தூள், காதுக்குள் நீலத் தூள்.
டிராம் ஓட்டுநர் ஒருவர் கேட்டார்:
எந்தச் சுரங்கத்தில் வேலை?

பிப்ரவரியில் அச்சு.
உருகிய பிளாஸ்டிக் குளிரக் குளிரச் சுருங்கி
எஃகைக் கட்டிக்கொள்ளுமாம்.
நேர்ச் சுவர் என்றால் வெளியே வர அடம்பிடிக்கும்.
ஆகவே வாளி, சோப்புப் பெட்டி,
மருத்துவமனைத் தட்டு,
எல்லாம் ஒரு பாகையாவது சாய்ந்து நிற்கின்றன,
விட்டுப் போவதற்காக.
சீப்பைத் திருப்பிப் பார், ஓரத்தில் மெல்லிய கோடு:
இரண்டு பாதி அச்சும் சந்தித்த இடம்.
அன்றிரவு விடுதியில்
பல் துலக்கும் பிரஷ் முதல் கழிப்பறை மூடி வரை
நகத்தால் தடவித் தடவித் தேடினோம்.

கைகளின் அட்டவணையும் தந்தார்கள்.
அதில் சராசரிக் கை ஒன்று உண்டு;
எந்தத் தோளிலிருந்தும் அது தொங்கவில்லை.
இடது கையில் மூன்றே விரலோடு பிறந்த போகுமிவ்
அந்தத் தாளை எட்டாக மடித்து
ஜன்னல் ஆடாமல் செருகிவைத்தான்.
குளிர்காலம் முழுக்க வேலை செய்தது.

என் முதல் பொருள், சோப்புத்தூள் அளக்கும் மூடி.
பதினெட்டு நாள். உள்ளே மூன்று கோடுகள்,
பிடிக்க ஒரு குழிவு.
சலவைக்கூடத்து ஹல்ஷ்காவிடம் கொடுத்துவிட்டு
ஓரமாக நின்றேன்.
தூளைக் கண்ணாலேயே அளந்து கொட்டினாள்.
சட்டைப்பைகளில் அகப்பட்ட பொத்தான்களை
மூடியில் போட்டுவைத்தாள்.
ரொம்ப உதவி, என்றாள், மனதாரவே.
கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
கையால் ஒன்று வரைந்து டிக் போட்டேன்.

மே மாதம், குப்பை பிரிக்கும் ஆலை.
பட்டை ஓடுகிறது. கையுறை, முகமூடி,
புளித்த பாலின் நாற்றம்.
பயிற்றுநர் ஜெமோவித், எங்களைவிட எட்டே வயது மூத்தவர்,
சட்டென்று கை நீட்டி
ஒரு வெள்ளைக் கெட்டிலை எடுத்தார்.
அது அவர் வரைந்தது. முதல் வேலையில், முதல் கெட்டில்.

மூடியின் கீல் முறிந்திருந்தது.
யாரோ செம்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றிப்
பின்னும் வெகுகாலம் காய்ச்சியிருக்கிறார்கள்;
உள்ளே உப்பு ஒரு விரற்கடை.

பத்தாயிரம் முறை திறந்து மூடிச் சோதித்தோம்,
என்றார், எங்களிடம் அல்ல.
எந்திரம் எந்தப் பக்கம் இழுத்தது? ஒட்டிலியா கேட்டாள்.
நேராக.
ஒரு கையில் குழந்தையோடு
நேராக யார் திறப்பார்கள்?

பட்டைக்காரர் கத்தினார்:
எடுத்தால் எடு, இல்லை போடு!

திரும்பும் பேருந்தில் கெட்டில் அவர் மடியில்.
மிச்சத் தண்ணீர் கால்சட்டையில் இறங்கியதை
அவர் கவனித்தாரா, தெரியவில்லை.
நான் அந்தக் கம்பியை வரைந்தேன்.
மூன்று சுற்று, மூன்று நீள்வட்டம்.
முதல் இரண்டும் நன்றாக வந்தன.
மூன்றாவதில் பேருந்து குலுங்கியது;
அப்படியே விட்டேன்.