அல்லங்காடி

பகலில் கூடுவது நாளங்காடி,
இரவில் கூடுவது அல்லங்காடி
என்று பெயர் வைத்திருந்தோம் ஒரு காலத்தில்.
இதுவும் அங்காடிதான்; ஆள்தான் இல்லை.

டுலூத், மினசோட்டா. நவம்பர் கடைசி.
அதிகாலை மூன்றுக்கு
மணி அடிக்காமல் திறக்கிறது சந்தை.

தூக்குப் பாலத்தின் நடுவே கண்ணாடி அறை.
வெர்னா கோஸ்கெலாவுக்கு இரவுப் பணி.
காபிக் குவளையில் கைப்பேசியைச் சாய்த்திருக்கிறாள்.
வெளியே ஏரி. கறுப்பு என்ற சொல் போதாத ஏரி.

நேற்றுப் பிற்பகல், சந்தை மூடி நான்கு நிமிடம் கழித்து
கணக்கை வெளியிட்டது அந்த வால்வு கம்பெனி.
எப்போதும் ஆள் கலைந்த பிறகுதான் சொல்வார்கள்,
கல்யாண வீட்டில் கடன் தொகையைச் சொல்வதுபோல.
இவள் தூங்கி எழுந்தபோது
நாற்பத்தொன்று முப்பத்து நான்காகியிருந்தது.
பல் கட்ட வேண்டும். கீழ்த்தாடையில் இரண்டு.
நாற்பது பங்கு விற்றால் போதும்.

பகலில் இந்தப் பங்குக்கு ஆயிரம் கை நீளும்.
இப்போது திரையில் இரண்டே வரி:
வாங்க ஒருவர், முப்பத்தொன்று பத்து.
விற்க ஒருவர், முப்பத்து நாலு எண்பத்தைந்து.
இடையில் மூன்றே முக்கால் டாலர் அகலத்துக்குத்
தண்ணீர்.

‘கிடைத்த விலைக்கு’ என்று இந்நேரத்தில் கொடுக்க முடியாது.
விடமாட்டார்கள். விட்டாலும் அடிமாட்டு விலைக்குப் போகும்.
முப்பத்து மூன்று, என்று தட்டினாள்.
அதற்குக் கீழே ஒரு சென்ட் இல்லை.

ஒன்றும் நகரவில்லை,
கண்ணாடியில் பனியைத் தவிர.

யார் அந்த ஒருவர்?
கைக்குழந்தையை மடியில் கிடத்திய யாரோ,
ஹொனலூலுவில் இன்னும் படுக்கப் போகாத யாரோ.
இல்லை, குளிரூட்டிய அறையில்
விசிறி சுற்றும் ஒரு பெட்டியோ.
பெட்டி என்றால் அதற்குப் பல் வலிக்காது.
காத்திருக்கும்.

மூன்று இருபதுக்கு ஏரியிலிருந்து ஊதல்:
நெடில், குறில், நெடில், குறில்.
தாது ஏற்ற வரும் வெற்றுக் கப்பல்.
கைப்பேசியை இழுப்பறைக்குள் போட்டாள்.
சாலைக்குத் தடுப்பை இறக்கினாள்.
எடைக்கு எடை கட்டிய பாலம்
அவளையும் அறையையும் ஆறிய காபியையும் ஏந்திக்கொண்டு
மெல்ல மேலேறியது.

கப்பல் அடியில் நுழைந்து, நுழைந்துகொண்டே இருந்தது.
தளத்தில் எவனோ டார்ச்சை ஆட்டினான்.
பதிலுக்குக் கையசைத்தாள். தெரிந்திருக்காது.

பாலம் இறங்கிய பின் இழுப்பறையைத் திறந்தால்
பதினைந்து போயிருந்தது.
முப்பத்து மூன்றுக்கே.
மூன்று இருபத்தாறுக்கு.
மீதி இருபத்தைந்து அப்படியே நின்றது.

ஏன் பதினைந்து?
கையில் அவ்வளவுதான் இருந்ததா?
சந்தையில் இரக்கம் பதினைந்து பதினைந்தாக வராது,
அது அவளுக்குத் தெரியும்.
இருந்தாலும் கைப்பேசியைப் பார்த்து
ஒருமுறை கையசைத்தாள்,
அறையில் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு.

எட்டரைக்கு மணி. கூட்டம் பாய்ந்தது.
ஒரே நிமிடத்தில் முப்பத்தாறரையைத் தொட்டு
முப்பத்திரண்டில் விழுந்தது விலை.
விடியுமுன் மட்டும் என்று குறித்த இருபத்தைந்தும்
அதற்குள் சத்தமில்லாமல் காலாவதி.

வெர்னா வீட்டில், பூட்ஸைக் கழற்றாமல், தூங்கினாள்.
நானூற்றுத் தொண்ணூற்றைந்து டாலர்.
ஒரு பல்லுக்கு முன்பணம்.
தூக்கத்தில் அவள் நாக்கு
இரண்டு பள்ளத்தையும் மாறி மாறித் தொட்டது,
எதை முதலில் என்று.