முப்பது மில்லிஅம்பியர்

எங்கள் வீட்டுப் பிறிட்ஜைத் திறக்கச்
செருப்புப் போடவேண்டும்.
அதற்கென்றே ஒரு சோடி, நீல ரப்பர்,
குசினி வாசலில் கிடக்கும்.
வருகிறவர்களுக்கும் சொல்வோம்:
தண்ணிப் போத்தல் எடுக்கிறதென்றால்
அதைக் கொழுவிக்கொண்டு போங்கோ.
உவர்மலையில் கடற்காற்றுப் பட்டால்
இரும்பு கொஞ்சம் கடிக்கும் என்பது இவருடைய விளக்கம்.
நானும் நம்பினேன்,
பதினொரு வருசம்.

கிண்ணியாவிலிருந்து நஸ்மில் வந்தான்.
மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில்
பழைய ரியூப்பால் இறுக்கிய புதுப் பெட்டி.
மீற்றருக்குக் கீழே எங்கள் பலகை,
பலகையில் நாலு பீங்கான் கட்டைகள்,
ஒன்றின் நெற்றி கருகியிருந்தது.
கழற்றித் திருப்பினால்
பல்லிமுட்டைக் கோதுகள், துணி சுற்றிய வயர்.
விரல் பட்டதும் அப்பளமாய் நொறுங்கியது.

மூன்றாம் கட்டையை இழுத்தவன்
என்னிடம்தான் நீட்டினான்.
"அக்கா, இதுக்குள்ள தலைமயிர் மாதிரி
ஒரு கம்பிதான் இருக்கோணும்.
இதில ஆடு கட்டலாம்.
ஆர் போட்டது?"

இவர் முகட்டைப் பார்த்தார்.
"முந்தி இருந்த ஆக்கள்."

எனக்குத் தெரியும்.
லோசனாவின் இரசாயனவியல் சோதனைக்கு முதல்நாள்.
மூன்று தரம் பியூஸ் போனது.
மூன்றாந் தரம், டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி
கொடிக்கம்பியில் ஒரு துண்டு நறுக்கினார்.
வெளிச்சம் வந்தது. பிள்ளை படித்தாள். பி எடுத்தாள்.
அதற்குப் பிறகு இந்த வீட்டில்
ஒன்றும் அறுந்துபோகவில்லை.
சொந்தக்காரர் வந்தால்
அதைச் சொல்லித்தான் தேத்தண்ணி கொடுப்பார்.

பியூஸ் என்றால் என்னவென்று
அன்றைக்குத்தான் யோசித்தேன்.
வீட்டில் எல்லாருக்கும் முன்னம்
செத்துப்போகச் சம்மதித்த ஒன்று.
அதைச் சாகவிடாமல் பண்ணிவிட்டு
அதற்கு நேர் கீழே தலைவைத்துப்
படுத்திருக்கிறோம்.

ஏர்த் கம்பி அடிக்க
கறிவேப்பிலையடியில் தொடங்கினான்; கல்.
கிணற்றுப் பக்கம்; அங்கேயும் கல்.
மதிலுக்கு வெளியே இரண்டு மான்கள்
அடுத்த வீட்டுக் குரோட்டனை மேய்ந்தபடி
ஒவ்வொரு அடிக்கும் காதைத் திருப்பின.
மூன்றாவது இடத்தில் மண் விட்டுக்கொடுத்தது.
ஒரு வாளி தண்ணி ஊற்றச் சொன்னான். ஊற்றினேன்.

பொழுதுபட்டுப் போகும்போது சொன்னான்:
கரண்ட் வழி தவறிப் போனால், அக்கா,
முப்பது மில்லிஅம்பியரிலேயே இது விழுந்திடும்.
பழைய பலகையை இவர் வைத்துக்கொண்டார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

இரவு, கழுவித் துடைத்த பிறிட்ஜை
இவர் திரும்பச் சொருகினார்.
டக்.
மலை முழுக்க வெளிச்சம், எங்கள் வீடு மட்டும் இருட்டு.
"மலிவுச் சாமான்! அந்தப் பெடியன் ஏமாத்திப்போட்டான்!"
டோர்ச்சைத் தேடி எடுத்து நான் வந்து பார்த்தால்
பெட்டிக்கு முன்னால் நிற்கிறார்,
கையில் ஒரு கம்பித் துண்டு.
மேலே தடவினார், கீழே தடவினார்.
வழுவழுவென்ற வெள்ளைப் பிளாஸ்ரிக்.
கம்பி செருக
அதற்கு வாயே இல்லை.

"விலகுங்கோ."
பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து
ஒவ்வொன்றாய் மேலே தள்ளினேன்.
விறாந்தை வந்தது. காற்றாடி வந்தது.
கிணற்று மோட்டர் இருமிவிட்டு வந்தது.
செருப்பைப் போட்டுக்கொண்டு போய்
பிறிட்ஜைத் திரும்பச் சொருகினேன்.
டக்.

முப்பது மில்லிஅம்பியர்.
ஒரு காலைப்பொழுதில்
நான் பேசாமல் விடுவது
அதைவிடக் கூட.

"இது கடற்காற்று இல்லை" என்றேன்.
"பால் திரைஞ்சுபோகும்" என்றார்.
"திரையட்டும்."

கம்பித் துண்டைச் சட்டைப் பையில் போட்டார்.
பிறகு எடுத்து, ஒருக்கால் பார்த்து,
யன்னலால் எறிந்தார்.
எங்கேயோ தகரத்தில் பட்ட சத்தம்.

புதுப் பிறிட்ஜ் வந்து இன்றைக்கு நாலாம் நாள்.
வெறுங்காலோடு திறக்கிறேன்.
சீமெந்து குளிர்கிறது.
நீலச் செருப்பை இன்னும் ஆரும் எடுக்கவில்லை;
தண்ணி எடுக்கப் போனால்
இவருடைய கால்
இப்போதும் அதைத் தேடுகிறது.