கிப்ரியானின் தாடி

முகமூடி சரியாகப் பொருந்தாது,
தாடி வழியே காற்று கசியும்,
கொஞ்சம் மழிக்கலாமா என்றேன்.
இடுப்பை எப்படி வேண்டுமானாலும் அறுத்துக்கொள்,
தாடியில் கத்தி பட்டால்
எந்த முகத்தோடு கடவுளிடம் போவேன் என்றார்
கிப்ரியான், வயது எண்பத்தெட்டு.
பெய்ப்ஸி ஏரிக்கரை வெங்காயக்காரர்.
மார்ச் மாதப் பனிக்கட்டியில் வழுக்கி
இடுப்பெலும்போடு தார்த்துவுக்கு வந்தவர்.

சரி. முதுகில் ஊசி.
தூக்கம் வேண்டாம், இடுப்புக்குக் கீழே மட்டும்
மரத்துப் போகட்டும்.

அதற்கு முன் எங்கள் வழக்கப்படி
மூன்று சொற்கள் சொன்னேன், பிறகு கேட்பேன் என்று.
படகு. சாவி. இன்னொன்று.
கடிகாரம் வரையச் சொன்னேன்.
வட்டம் போட்டார், எண்கள் போட்டார்,
முள் போடாமல் காத்திருந்தார்.
மணி என்னவென்று
நீங்கள்தானே சொல்ல வேண்டும், டாக்டர்?

இறால் போல வளையுங்கள் என்றேன்.
களை பறித்தே வளைந்த முதுகு
எனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் வளையவில்லை.
இரண்டு முறை எலும்பில் முட்டினேன்.
ஒரு விரற்கடை தள்ளி நடு, என்றார்.
தள்ளி நட்டேன்.
ஊசிமுனையில் தெளிந்த நீர், ஒரு சொட்டு.
இளைஞனுக்குக் கொடுப்பதில் பாதிதான் மருந்து,
அதிலும் கடைசித் துளியை
யோசித்துத்தான் உள்ளே விட்டேன்.

செவிக்கருவியைக் கழற்ற நான் விடவில்லை.
சுத்தியல் சத்தம் கேட்டு
யார் வீட்டுத் தச்சுவேலை என்றார்.
உங்கள் வீடுதான் என்றேன்.

இரவில்தான் குழம்பினார்.
சலைன் குழாயையும் ஆக்சிஜன் குழாயையும் சேர்த்து
வெங்காயச் சடை பின்னிக்கொண்டிருந்தார்,
மழைக்கு முன் முடிக்க வேண்டுமாம்.
கையைக் கட்டவில்லை,
தூக்க ஊசியும் போடவில்லை.
கண்ணாடியை மாட்டிவிட்டு
செவிலி ஔனே கட்டுத்துணியை
மூன்று கீற்றாகக் கிழித்துக் கொடுத்தாள்.
விடிவதற்குள் ஏழு சடை.

காலையில் ஜன்னலோரம் கஞ்சி.
தவக்காலம், வெண்ணெய் வேண்டாமென்றார்.
அந்தச் சொற்கள், என்றேன்.
படகு.
சாவி.
கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார்,
நான் அவரைப் பார்த்தேன்.
பதிவேடு மேல்மாடியில் இருந்தது.
எனக்கும் வரவில்லை.

உங்களுக்கு என்ன வயது, என்றார்.
நாற்பத்தொன்று.
ம், என்று
உப்பைத் தேடினார்.