கோப்பையின் வாய்

வால்பரைசோ மலைச்சரிவில் தீயணைப்பு நிலைய மாடி,
சனிக்கிழமை ஓவிய வகுப்பு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் நிபால்தோ
முதல்முதலாக ஒரு கோப்பை வரைந்தான்.

பக்கத்து ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்த்தாள்
பல் மருத்துவர் ஃப்ரேசியா.
"இதில் காபி ஊற்றினால்
என் மடி நனையும்."

வாரம் முழுக்க
சரக்குச் சீட்டுகளின் பின்பக்கம்
வாய்கள், வாய்கள்.
முட்டை மாதிரி சில,
கொட்டாவி விட்டவை சில.
கண்டெய்னர் காற்றில் தொங்க,
கீழிருந்து விசில் அடித்தார்கள்.
நூற்றுப் பத்தாவதோ என்னவோ,
தோளிலிருந்து சுழன்றது கை,
கிரேனின் கை போல.

அடுத்த சனி
கோப்பை நின்றது.
அவள் நெடுநேரம் பார்த்தாள்.
"இப்போது மேசை சரிகிறது."

"இந்த ஊரில் எதுதான் சரியாமல் நிற்கிறது?"
என்றவன்
கொஞ்ச நேரம் கழித்து
ரப்பரைத் தேடினான்.