ஆறாவது கட்டம்

இறப்புப் படிவத்தில் ஆறாவது கட்டம்
மயானத்தின் பெயரைக் கேட்கிறது.
மூன்று விரற்கடை அகலம்.
யாராக இருந்தாலும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

மூக்கையூர்க்காரர்கள்
கல்லறைத் தோட்டம் என்பார்கள்.
தோட்டமென்றால் நாலு பூவரசு,
சுவரேறிக் குதித்த ஓர் ஆடு.
கல்லும் கல்லல்ல, முருகைக்கல்.
கடலுக்கடியில் செத்துச் செத்து உயர்ந்தவற்றை
அறுத்து அடுக்கி
அதற்குள் சந்தியாகு வாத்தியாரை வைத்திருக்கிறார்கள்.

வாலிநோக்கம் சீனி நெய்னா
மையவாடி என்று எழுதச் சொன்னார்.
மாசி மாதம், ஜன்னல் வழியே கருவாட்டு வாடை.
கை தவறி
மீன்வாடி என்று எழுதிவிட்டேன்.
அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.
‘ரெண்டு வாடிக்கும் உப்புக்காத்துதானே, விடுங்க.’
பிறகு கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.
படிவத்தில் இருந்த பெயர் மைமூன் பீவி, வயது ஐம்பத்தொன்று.

எங்கள் பக்கம் சுடுகாடு.
காடென்றால் எங்களுக்கு மரமில்லை.
மிளகாய் போட்டால் மிளகாய்க்காடு,
மழை பொய்த்தால் வெறுங்காடு.
அம்மா காலையில் காட்டுக்குப் போவாள்
பொழுது சாய வருவாள்,
முந்தானையில் குண்டு மிளகாய் நாலு.
ஒருமுறை போன காட்டிலிருந்து
நான் மட்டும் வந்தேன், மொட்டைத் தலையோடு.
அக்கா தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.
அதற்குமேல் அந்தச் சொல்லுக்குள்
பெண்களை விடுவதில்லை.
இப்போதும் அதை எழுதுகையில்
கடைசி எழுத்தின் சுழி
கட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

ருத்ரபூமி என்றும் ஒன்று உண்டு,
பெயர்ப்பலகையில்.
அங்கே யாரும் போய் நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை சலேத்மேரி வந்தாள்.
புருஷன் கடலுக்குப் போய் ஏழு வருஷம்.
கோர்ட்டு உத்தரவைப்
பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்தாள்.
ஏழு வருஷமாய்க் காணாதவன்
இன்று முதல் இல்லாதவன்.

பெட்டிக்குள் சட்டை கிட்டை வைத்தீர்களா என்றேன்.
‘பெட்டியே வைக்கலை.’

அப்படியானால் கடல் என்று போடவா?

நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.
‘அப்படி எழுதாதீங்க சார்.
மூத்தவன் அதுலதான் தொழிலுக்குப் போறான்.
நான் அதுல பிடிச்சதத்தான் கூடையில விக்கிறேன்.’

காகிதத்தில் ஒரு கோடு இழுத்துவிடலாம்.
கம்ப்யூட்டர் கோட்டை ஏற்காது.
வெற்றிடத்தை ஏற்காது.
சர்வே எண் கேட்கும்.
மின்விசிறி நின்று, திரும்பச் சுற்றியது.
வரிசையில் யாரோ இருமினார்கள்.

‘வெளியூர்’ என்று அடித்தேன்.

திரையருகே குனிந்து
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
சரி என்றாள்.
நகல் மூன்று வேண்டுமென்றாள்.